ஜூனில் நட வேண்டாம், புரட்டாசியில் வாருங்கள்

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம். கோடை விடுமுறை முடிகிற நேரத்தில், பள்ளி திறந்ததும் திறக்காததுமாக வந்து நிற்கும் நாள் அது. அன்றைக்கு மதுரைப் பள்ளிகளில் நடப்படும் கன்றுகளில் எத்தனை அடுத்த ஜூனைப் பார்க்கின்றன என்பது அந்தந்தப் பள்ளியின் காவலாளிக்குத்தான் தெரியும். கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மண்ணில் கை வைக்க முடியாது. கேரளத்தில் அப்போது மழை தொடங்கியிருக்கும். அந்த மழை மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது காற்றுதான் மிச்சம். நமக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். உலகத்துக்கு ஜூன் 5 பொருந்தலாம், மதுரை மண்ணுக்குப் பொருந்தாது. இதை நான் எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்த நாளில் பிள்ளைகளுக்கு மரங்களைப் பற்றிப் பேசுவோம், இருக்கிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவோம், நடுவதைப் புரட்டாசிக்கு வைத்துக்கொள்வோம் என்பதுதான் என் வேண்டுகோள்.

மதுரை நகரில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். நாட்டு நலப்பணித் திட்டமும் தேசிய பசுமைப் படையும் என் பொறுப்பில் இருக்கின்றன. பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய் நிலத்தில் வேலை செய்ய வைக்க வேண்டும் என்ற விருப்பம் இப்போது பல ஆசிரியர்களுக்கு வந்திருக்கிறது. எங்கே போகலாம், என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கே போகலாம் என்பதற்கு என் பதில், ஒரே ஓர் ஊருக்கு. இந்த மாதம் அழகர்மலை, அடுத்த மாதம் வண்டியூர்க் கண்மாய், அதற்கடுத்து வைகைக் கரை என்று சுற்றிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு ஊர் பார்த்த மகிழ்ச்சி கிடைக்கும். வேலையின் பலனைப் பார்க்கக் கிடைக்காது. நாங்கள் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டோம். பெயரை எழுத வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்து கரையில் பாட்டிலை உடைத்துவிட்டுப் போகும் என்ற பயம் அவர்களுக்கு. நியாயமான பயம்.

என்ன செய்யலாம் என்பதை நாம் முடிவு செய்யவே கூடாது. ஊரைக் கேட்க வேண்டும். நான் கேட்டது அந்தக் கண்மாயில் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பெரியவரை. காலையில் கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து வருவது அவருடைய வழக்கம். “ஐயா, பிள்ளைகளோடு வருகிறோம், மரக்கன்று கொண்டு வரட்டுமா?” என்றேன். “எங்கே வைப்பீர்கள் டீச்சரம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நகரத்தில் யாருமே பதில் யோசிப்பதில்லை. கண்மாய் உள்வாயில் வைத்தால், பெருகுகிற ஆண்டில் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கும். வேம்பு அதைத் தாங்காது. பெருகாத ஆண்டில் ஆடு கடித்துவிடும். அதையும் மீறிப் பிழைத்தால், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மரம் நிற்கும், அடுத்து தூர்வாருகிறவர்களுக்கு அது இடைஞ்சல். இத்தனையையும் அவர் கரையில் நடந்துகொண்டே சொன்னார். பிறகு இரண்டு இடங்களைக் காட்டினார். மிகைநீர் வழிந்தோடும் கலுங்குக்குப் பக்கத்தில் கரை மண் ஆண்டுதோறும் சரிகிறது, அங்கே பனை வேண்டும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சீமைக் கருவேலங்கன்றுகள் முளைத்து மறிக்கின்றன, அவற்றைப் பிடுங்க வேண்டும். எங்கள் வேலை அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பள்ளிக்கூடத்துக்கு இதைவிடத் தோதான மரம் கிடையாது. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். வேலி வேண்டாம். ஆடு மாடு அவ்வளவாகச் சீண்டாது. கன்று விலைக்கு வாங்க வேண்டாம். ஆடி, ஆவணியில் பழம் விழத் தொடங்கும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். பொறுக்கி வந்து நிழலில் போட்டு வைத்துக்கொள்ளலாம். பனம்பழ வாசனை ஒரு வாரம் வகுப்பறையை விட்டுப் போகாது, அதற்கு மட்டும் மற்ற ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மழைக்கு முன்னால், புரட்டாசியில், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி எடுத்து, பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்து, மண்ணை மூடி மிதித்துவிட்டால் மற்றதை மழை பார்த்துக்கொள்ளும். பனையின் சல்லிவேர்கள் திரண்டு இறங்கிக் கரையைக் கட்டிப் பிடிக்கும். மாநில மரம் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 2021 இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை வளர்ப்புக்கென்று தனித் திட்டமே அறிவித்தார்கள். பிள்ளைகளுக்கு அதையும் சொல்கிறேன். ஆனாலும் அவர்களைக் கட்டிப்போடுவது அந்தக் கொட்டை மண்ணுக்குள் செய்யும் காரியம்.

மற்ற விதைகளில் முளை வெளியே தலை நீட்டும். பனங்கொட்டை அப்படிச் செய்யாது. முதலில் ஒரு குழல் போன்ற தண்டு கீழ்நோக்கி இறங்கும். அதன் நுனியில்தான் உண்மையான முளை இருக்கிறது. அது ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே உணவைச் சேர்த்துக் கிழங்காகத் திரளும். நாம் பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். மேலே ஓர் இலைகூட வராத அந்த மாதங்களில் பார்க்கிறவர்கள், வைத்தது எதுவும் பிழைக்கவில்லை என்று போய்விடுவார்கள். தை மாதம் போகும்போது வரிசையில் ஒரே ஒரு கொட்டையைத் தோண்டிக் காட்டுவேன். கடப்பாரையால் அல்ல, கையாலும் சிறு கொத்தாலும். மண்ணை விலக்க விலக்க, கொட்டையிலிருந்து புறப்பட்ட தண்டு போய்க்கொண்டே இருக்கும். “இன்னும் முடியவில்லையா டீச்சர்?” என்று கேட்டுக்கொண்டே தோண்டுவார்கள். முழங்கையளவு தோண்டிய பிறகு கிழங்கின் நுனி தெரியும்போது அந்தக் குழியைச் சுற்றி எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். விதை முளைத்தலை நான் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள்தான். அந்தக் குழியின் ஓரத்தில் நடத்தும் பாடம் வேறு.

ஓர் ஆண்டு அந்த வரிசை முழுக்கப் போய்விட்டது. கரையைப் பலப்படுத்தும் வேலை வந்தது. வேலை எடுத்திருந்தவர் ஜேசிபியை இறக்கிக் கலுங்கிலிருந்து சரிவு நெடுகச் சுரண்டிவிட்டார். முதல் ஓலை விட்டிருந்த கன்றுகள் மண்ணோடு மண்ணாகப் போயின. பிள்ளைகள் போய்ப் பார்த்தபோது புது மண்தான் கிடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் வரிசை இருந்த இடத்தை அடி வைத்து அளந்து, இங்கே, இங்கே என்று காட்டிக்கொண்டே போனாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. இரண்டு ஆண்டு வளர்ச்சியைக் கால் மணி நேரத்தில் அள்ளிப் போட்டுவிட்டு, “பனைதானே, திரும்ப வைத்துக்கொள்ளுங்கள்” என்று அந்த மனிதர் சொன்னார். பனை எவ்வளவு மெதுவாக வளரும் என்று தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். தண்டு தரைக்கு மேலே எழும்பவே ஆண்டுகள் ஆகும்.

பிள்ளைகள் மனு எழுதினார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இரண்டு மாணவர்களையும் பெற்றோர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். மனு எழுதுவதிலேயே ஒரு முழு மாலை போயிற்று. “எங்கள் மனம் புண்பட்டது” என்று தொடங்கியிருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் எந்த இடம், கலுங்கிலிருந்து எத்தனை அடி, எத்தனை கன்று, எந்த நாளில் வைத்தது என்பதெல்லாம் அதற்குக் கீழே வர வேண்டும் என்றேன். அவர்கள் நோட்டில் எல்லாம் இருந்தது. பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். மறுபடி வைக்கும்போது கரையின் வெளிச்சரிவில் எந்த உயரத்தில் வைத்தால் எந்திரம் வராது என்று அவரே கயிறு கட்டிக் காட்டினார். இப்போது அங்கே வெள்ளையடித்த கல் நட்டிருக்கிறோம். ஆகவே மற்ற ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: கொட்டை பொறுக்குவதற்கு முன்னால் நீர்ப்பாசனச் சங்கத்திடமும், ஊராட்சியிலும், கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்த அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு விறகுக்காகக் கொண்டு வரப்பட்டது. தென்மாவட்டங்களில் அது பிடித்துக்கொண்ட நிலத்துக்கு அளவில்லை. 2017 இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக எந்திரங்கள் இறங்கி வெட்டின. வெட்டிய இடங்களில் பல இன்றைக்கு மறுபடியும் பச்சையாக நிற்கின்றன. அடியில் வெட்டினால் அது சாவதில்லை, தூரிலிருந்து நான்கைந்து கிளையாக வரும். நெற்று இனிப்பு என்பதால் ஆடு மாடு விரும்பித் தின்னும், விதை சாணத்தோடு போய் விழுந்த இடத்தில் முளைக்கும். எனவே பெரிய மரத்தை வெட்டுவது பிள்ளைகளின் வேலை அல்ல. அதற்கு அனுமதி வேண்டும், ஏலம் உண்டு, முள் குத்தினால் கால் வீங்கிவிடும். முளைத்த கன்றைப் பிடுங்குவது பிள்ளைகளின் வேலை. கார்த்திகை, மார்கழியில், மழை விட்டு மண் இளகியிருக்கும் நாட்களில், இரண்டு விரலால் அடியைப் பிடித்து நேராக இழுத்தால் வேரோடு வரும். பங்குனியில் போனால் கடப்பாரை போட்டாலும் அறுந்துதான் வரும். அறுந்தால் செய்த வேலை வீண்.

அதற்கு முன்னால் ஒன்று கற்றுத் தரவேண்டும். நாட்டுக் கருவேலங்கன்றும் பக்கத்திலேயே முளைத்திருக்கும். அது நம் மரம். கண்மாய்க்குள் நாரைகள் கூடு கட்டுவதே பெரும்பாலும் அதன்மேல்தான். வளர்ந்த மரத்தில் குழப்பம் வராது. நாட்டுக் கருவேலத்தில் மஞ்சள் உருண்டைப் பூ, மணி மணியாகச் சுருங்கிய நெற்று, வெள்ளை வெளேரென்ற நேர் முள். சீமையில் பூ நீளமாகத் தொங்கும், நெற்று பழுத்தால் மஞ்சளாக இருக்கும். கன்றில் இலையைப் பார்க்க வேண்டும். சீமையின் இலைக்காம்பில் ஒரு ஜோடி, மிஞ்சினால் இரண்டு மூன்று ஜோடிக் கிளைதான் இருக்கும், அதில் சிற்றிலைகள் நீளமாக இருக்கும். நாட்டுக் கருவேலில் அதைவிட அதிக ஜோடிகள், சிற்றிலைகள் பொடிப்பொடியாக இருக்கும். இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவேன். முதல் அரை மணி நேரம் யாரும் எதையும் பிடுங்கக் கூடாது, காட்டிச் சொல்ல மட்டும் வேண்டும். மூன்று முறை சரியாகச் சொன்னவர்கள் வரத்துக்காலில் இறங்கலாம்.

போன மார்கழியில் ஒரு மாணவி பிடுங்கிய கன்றைக் கீழே போடாமல் ஸ்கேலின் மேல் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணுக்கு மேலே அவள் நடுவிரல் நீளம்தான் இருந்தது. வேர் ஸ்கேலின் பாதியைத் தாண்டிப் போயிற்று. அதைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் தாங்கள் பிடுங்கியதை அளக்கத் தொடங்கினார்கள். பிடுங்கும் வேகம் குறைந்துவிட்டது. நான் அவசரப்படுத்தவில்லை. அந்த மரம் ஏன் வறண்ட கரட்டிலும் பிழைக்கிறது என்பதை அன்றைக்கு அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சீமைக் கருவேலத்தைப் பற்றி வாட்ஸ்ஆப்பில் வரும் கதைகளை நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. காற்றின் ஈரத்தையே குடித்துவிடும், அதில் பறவையே கூடு கட்டாது என்றெல்லாம் எழுதுகிறார்கள். கூடு கட்டுவதைப் பிள்ளைகளே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கூடு இருக்கிற மரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் போவதுமில்லை. இன்னொன்றும் உண்டு. பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், அவன் குடும்பம் மானாமதுரைப் பக்கத்திலிருந்து வந்தது. “எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கரிமூட்டம்தான் தொழில். இந்த மரம் இல்லையென்றால் நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்டான். மற்றவர்கள் அவனை வாயடைக்கப் பார்த்தார்கள். நான் அவனைக் கரையில் நடுவில் உட்கார வைத்து, கரி எப்படிச் சுடுவார்கள் என்று சொல்லச் சொன்னேன். விறகை அடுக்குவது, மேலே மண் பூசி மூடுவது, புகையின் நிறத்தைப் பார்த்துத் துளையை அடைப்பது, இரவெல்லாம் காவல் இருப்பது என்று எல்லாவற்றையும் சொன்னான். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தப் பக்கத்து ஊர்களில் அடுப்பு எரிய வைத்தது அந்த மரம். நிலத்தில் வேலை செய்யப் போகிற பிள்ளைகள் இதையும் தெரிந்துகொண்டுதான் கன்றைப் பிடுங்க வேண்டும். வரத்துக்காலில் பிடுங்குவோம், கரிக்காக வளர்த்திருக்கும் பட்டா நிலத்தில் நமக்கு வேலையில்லை என்று அன்றைக்கு அவர்களே முடிவு செய்தார்கள்.

தையில் பறவை எண்ணுகிறோம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் 2015 முதல் நடந்துவருகிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் பதிவிட வேண்டும். அவ்வளவுதான் விதி. இதற்குப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை. எங்களிடம் பைனாகுலர் ஒன்றிரண்டுதான், கை மாற்றிக்கொள்கிறோம். தண்ணீரில் கறுப்பாக மிதப்பதெல்லாம் வாத்து என்று தொடங்கிய பிள்ளைகள், நெற்றி வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி, சிவப்பாக இருந்தால் தாழைக்கோழி என்று பிரிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு காலை போதும். கூட்டமாக இருந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, மீதியை அளக்க வேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுவார்கள். எண்கள் ஒத்துவராவிட்டால் மறுபடியும் எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்திருந்தால் குறைந்ததைத்தான் எழுத வேண்டும். போன ஆண்டை விடக் கூட்டிக் காட்டினால்தான் நன்றாக இருக்கும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு வரும். அதை மட்டும் நான் கண்டிப்போடு தடுப்பேன்.

தண்ணீர் வற்றிய ஓரத்தில் நத்தை ஓடுகள் கிடக்கும். நத்தைகுத்தி நாரையின் வேலை அது. அதன் அலகுகள் இரண்டும் மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். பெரும்பாலான ஓடுகள் உடையாமல் முழுதாக இருக்கின்றன என்பதைக் கவனித்துச் சொன்னவன் எட்டாம் வகுப்புப் பையன். நாரை நத்தையின் மூடியை அறுத்து உள்ளே இருப்பதை மட்டும் உருவி எடுத்துவிடுகிறது. ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அலகு எப்படி நுழைந்திருக்கும் என்று ஒரு குச்சியை விட்டு விட்டுப் பார்த்தான்.

எண்ணுவது வேலையா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு நான் அரிட்டாபட்டியைக் காட்டுவேன். மேலூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்ந்த 193.21 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் தலம். ஏழு குன்றுகள், அவற்றுக்கிடையே சுனைகளும் ஏரிகளும், சுமார் 250 வகைப் பறவைகள், அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு. எறும்புத்தின்னியும் தேவாங்கும் மலைப்பாம்பும் உண்டு. 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படிதான் இந்த அறிவிப்பு. இயற்கை ஆர்வலர்களும் ஊர்க்காரர்களும் ஆண்டுக்கணக்கில் பாறையடியில் நின்று பார்த்து எழுதி வைத்திருக்காவிட்டால் அறிவிப்பில் அந்த எண்கள் எங்கிருந்து வந்திருக்கும்? 2024 இல் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. அரிட்டாபட்டியும் சுற்றுப்பட்டு ஊர்களும் திரண்டு எதிர்த்தன, டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் தெருவில் நின்றதுதான் முதல் காரணம். அவர்கள் கையில் பல்லுயிர்த் தலம் என்ற அறிவிப்பும் இருந்தது. எங்கள் கண்மாய்க்கு அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைகளின் நோட்டுகள் சொல்லும். ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு அந்த நோட்டுகளிலிருந்து ஒரு பட்டியல் எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு, அங்கேயும் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். கீழக்குயில்குடி சமணர் மலையில் பாறையில் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, தேய்த்துக் கழுவலாமா என்று ஒரு தன்னார்வக் குழு கேட்டது. கூடவே கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். எந்த மருந்து, எந்தத் தூரிகை என்று தெரிந்தவர்கள் மட்டும் தொட வேண்டும். நாங்கள் அடிவாரத்தில் தாமரைக் குளத்தைச் சுற்றிக் கிடக்கும் கப்புகளையும் பைகளையும் பொறுக்குவதோடு சரி. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் போகும் வழியில் வேட்டங்குடி இருக்கிறது, 1977 இல் பறவைகள் சரணாலயமானது. அந்தப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே நாங்கள் எந்த வேலையும் செய்வதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேச விடுகிறேன். “உங்களுக்கு வெடிக்க வேண்டும் என்று தோன்றாதா?” என்று எங்கள் பையன் கேட்டான். “தோன்றும். ஆனால் குஞ்சு பயந்து கீழே விழுந்துவிடுமே” என்று அந்த ஊர்ச் சிறுமி சொன்னாள். நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோவில் கோயில்காடும் அப்படித்தான். ஐந்து ஹெக்டேர்கூட இல்லாத அந்தக் காடு 2025 இல் மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. அதைக் காத்தது தலைமுறை தலைமுறையாக வந்த ஊர்க்கட்டுப்பாடு. அங்கே போனால் கையைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், சுள்ளிகூட எடுக்கக் கூடாது.

இனி யாரும் பேசாத ஒன்றைப் பேச வேண்டும். கழிப்பறை. பெண் பிள்ளைகள் வெளிவேலைக்கு வரத் தயங்குவதற்கு முதல் காரணம் வெயிலோ முள்ளோ அல்ல. வழியில் கழிப்பறை இருக்காது என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், பதினொரு மணிக்குத் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் இடம் பார்க்கப் போகும்போது முதலில் பார்ப்பது ஊரில் உள்ள தொடக்கப் பள்ளியின் கழிப்பறையைத்தான். சாவி யாரிடம், தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று நானே போய்ப் பார்த்துவிடுவேன். எங்கள் கண்மாய் ஊரில் இரண்டு வீட்டு அம்மாக்கள் தங்கள் வீட்டைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அவர்களை நான் மறக்க மாட்டேன். மாதவிடாய் நாளில் இருக்கும் பிள்ளைகளுக்கு நோட்டு எழுதும் வேலையைக் கேட்காமலே கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கேட்டுக் கொடுங்கள். பாதிப் பேர் மண்வெட்டியைத்தான் கேட்கிறார்கள்.

பாம்பு உண்டு. கரையின் பொந்துகளில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கும். கையில் கம்பு வைத்துத் தட்டிக்கொண்டு நடப்பதும், பார்க்காத பொந்தில், புதரில், கல்லடியில் கை விடாமல் இருப்பதும் பழக வேண்டும். செருப்பு போதாது, ஷூ வேண்டும். கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. அசையாமல் வைத்து 108 ஐ அழைத்து மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ போக வேண்டும். இதை வண்டியில் ஏறும் முன் ஒவ்வொரு முறையும் சொல்லி, திருப்பிச் சொல்ல வைப்பேன். பாம்பைவிட எனக்குப் பயம் கரையில் கிடக்கும் உடைந்த பாட்டில். பிள்ளைகள் கண்ணாடியைத் தொடவே கூடாது. பெரியவர்கள் தடித்த கையுறை போட்டு இரும்புச் சட்டியில் எடுக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு முப்பது பேருக்கு மேல் வேண்டாம். நூறு பேர் இறங்கினால் அது மாநாடு, நாரை பறந்துவிடும், வேலை நடக்காது. ஃப்ளெக்ஸ் பேனர் கொண்டு வராதீர்கள். பத்து மணிக்கு மேல் வெயிலில் நிறுத்தாதீர்கள். சான்றிதழ் கொடுப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள், சான்றிதழுக்காக வருகிறவர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். எங்களுக்கு இரண்டாம் முறை வருகிறவர்கள்தான் வேண்டும். புரட்டாசியில் கொட்டை வைத்தவன் தையில் தோண்டிப் பார்க்க வேண்டும், அடுத்த புரட்டாசியில் விட்டுப்போன இடத்தில் மறுபடி வைக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்வைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதனால் ஏழாம் வகுப்பிலிருந்தே சேர்க்கத் தொடங்கிவிட்டேன். தொடர்ந்து மூன்று ஆண்டாவது ஒரே கரையில் நடக்கக் கிடைக்கும்.

இந்தப் புரட்டாசியிலும் கலுங்கிலிருந்து இரண்டாம் மடை வரைக்கும் பனை வைக்கிறோம். வேறு பள்ளிகளும் கல்லூரி நலப்பணிக் குழுக்களும் சேர்ந்துகொள்ளலாம், ஒரு பள்ளிக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணியிலிருந்து வண்டி காலை ஐந்தரைக்குப் புறப்படும். முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை, ஷூ, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் டிபனில் புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ, ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மழையில் அழிந்துவிடும். கொட்டை எங்களிடம் இருக்கிறது. மண்வெட்டியும் கடப்பாரையும் ஊரில் தருவார்கள், திருப்பிக் கொடுக்கும்போது மண் கழுவிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் யாரையும் வண்டியில் ஏற்ற மாட்டேன். தையில் திரும்பி வர முடியாது என்று இப்போதே தெரிந்தவர்கள், வர முடிகிற இன்னொருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுங்கள்.